இரண்டு படகுகளில் எது என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு, "பேந்து சொல்லுறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ எடுக்கும்போதெல்லாம் அடுப்பில் கறி இருக்கிறது, அப்பாவுக்கு மருந்து நேரம், கதவில் யாரோ நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு சாட்டாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கதவில் ஒருவரும் நிற்கவில்லை. நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அம்மா, பெரிய படகை எடுக்கவோ, சின்னதை எடுக்கவோ? நீங்கள் சொல்லுறதைத்தான் எடுப்பன்." வேறொரு வருடமாக இருந்தால், இரண்டும் வேண்டாம், அந்தக் காசுக்கு வீட்டுக் கூரையைத் திருத்து என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். இப்போது வாய் திறக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன புண்ணியத்தில், எழுத்துக் கூட்டியாவது இதை வாசித்துவிடுவாய். மெதுவாகத்தான் வாசிப்பாய். அதுவும் நல்லதுதான், இடையில் "ஓம் அம்மா, விளங்குது அம்மா" என்று சொல்லி என் வாயை அடைக்க உன்னால் முடியாது.

படத்தைக் கொண்டு வந்தவன் நீ. கணினியிலிருந்து அச்செடுத்து, அப்பாவின் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டிவிட்டுப் போனாய். ஒரு பக்கம் பதினெட்டு அடிப் படகு, மறு பக்கம் இருபத்துநாலு அடிப் படகு. இரண்டும் பொன்டூன் படகு. அலுமினியத்தில் நீளமாக இரண்டு குழாய்கள், அவற்றின்மேல் தட்டையாக ஒரு தளம், சுற்றிவரக் கம்பி, மேலே துணிக் கூரை, உள்ளே சோபா. அதைப் படகு என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அப்பாவும் முதலில் சொன்னதில்லை. அவர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய காலத்தில் நான் அங்கேயே விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றாக முடிகிற நாட்களில் ஏரிக்கரையில் போட்டிருக்கிற வாங்கிலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். அந்த ஏரியில் இந்த மாதிரிப் படகுகள் ஆமை வேகத்தில் போகும். உள்ளே இருக்கிற சனங்கள் இறைச்சி வாட்டிச் சாப்பிட்டுக்கொண்டு போவார்கள். "இஞ்சேரும், அங்கை பாரும். ஆரின்ரையோ வீட்டு விறாந்தை கழண்டு தண்ணியிலை போகுது" என்று சொல்லி அவர் சிரிப்பார். கடற்கரையில் பிறந்த மனிதருக்குப் படகு என்றால் வேலை. அதில் சோபா போட்டு இருப்பது பெரிய பகிடியாக இருந்தது. பகிடி பண்ணிப் பண்ணியே ஆசையும் பிடித்துவிட்டது. பென்சன் எடுத்த பிறகு, கடை வாசல்களில் சும்மா வைத்திருக்கிற படகு விளம்பரப் புத்தகங்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார். "நாங்களும் ஒண்டு வாங்குவம்" என்பார். "ஓம், வாங்கிப் பல்கனியிலை கட்டுங்கோ" என்பேன் நான். நீயும் பக்கத்தில் இருந்து சிரித்தவன்தானே.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல உன் நாலாம் வகுப்புக்குப் போக வேண்டும். பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்த நாளில் அப்பாவும் நானும் சின்னப் பிள்ளைகளின் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். நடுவில் நீ. ஆசிரியை பிரெஞ்சில் சொல்வார், நீ எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இங்கே வந்த எங்கள் சனத்தின் வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம். பிள்ளைதான் வங்கியில் கதைக்கும், மின்சாரக் கம்பனியோடு கதைக்கும், தன்னைப் பற்றிய முறைப்பாட்டையும் அதுவே மொழிபெயர்க்கும். வேறு யாராவது இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்வார்களா தெரியாது. அந்த ஆசிரியை கையை விரித்து, கண்ணை உருட்டி, பெருமூச்சு விட்டு ஒரு பாட்டம் சொல்லி முடித்தார். நீ முகட்டைப் பார்த்து யோசித்தாய். பிறகு, "நான் நல்ல கெட்டிக்காரனாம். ஆனா வீட்டிலை இன்னும் கொஞ்சம் வடிவாச் சாப்பிட வேணுமாம்" என்றாய். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். எழும்பி ஆசிரியையின் கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லிக் குலுக்கினார். அந்த மனுசி இவருக்கு என்ன நடந்தது என்பதுபோலப் பார்த்தார். வரும் வழியில் உனக்குப் பீட்சா.

அந்தக் காலத்திலேயே எனக்குப் பிரெஞ்சு விளங்கும், தம்பி. என்னோடு தட்டு அடுக்கியவர்கள் எல்லாரும் ஹெய்ட்டியில் இருந்து வந்த பெண்கள். பகல் முழுக்க ஊர்வம்பு பிரெஞ்சில்தான். கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்குப் புரளாது, காது மட்டும் நன்றாக வேலை செய்யும். நீ ஓர் இடத்தில் இருப்பதில்லை, மற்றப் பிள்ளைகளையும் இருக்க விடுவதில்லை என்று அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் விளங்கியது. வீட்டுக்கு வந்து உன் காதைத் திருகுவதாகத்தான் இருந்தேன். ஆனால் அப்பா தெருவில் போகிற ஆட்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு, பீட்சாவை உன் பக்கம் தள்ளித் தள்ளி வைத்ததைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை. ஒரு துண்டு நானும் சாப்பிட்டேன்.

மாசி மாதம் ஆஸ்பத்திரியிலும் அதே மாதிரித்தான் இருந்தோம். இரண்டு பக்கமும் நாங்கள், நடுவில் நீ. அந்த இளம் டாக்டர் பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்த்து, பிரெஞ்சில் ஆறுதலாகத்தான் கதைத்தார். கான்சர் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது, இனி நோயை மாற்றுவதற்கு மருந்து இல்லை, நோவைக் குறைக்கலாம் என்று சொன்னார். நீ, "முதுகிலை கொஞ்சம் பிரச்சினையாம், நோவுக்கு நல்ல மருந்து தருவினமாம்" என்றாய். அப்பா தலையாட்டினார். "கோடைக்கு எங்கையேன் வெளியிலை போய் வரலாமோ எண்டு ஒருக்கால் கேள்" என்றார். நீ கேட்டாய். டாக்டர் கொஞ்சம் முன்னால் குனிந்து, கோடைக்கென்று நான் ஒன்றும் திட்டம் போடமாட்டேன், செய்ய ஆசைப்படுவதை இப்போதே செய்யுங்கள் என்றார். உன் கையில் இருந்த பேனையை நீ டக்கு டக்கென்று அழுத்தியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. பிறகு நீ அப்பாவின் பக்கம் திரும்பி, "கோடைக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம் அப்பா. அதுக்கிடையிலை தேறிவிடுவியளாம்" என்றாய். அப்பா கையை நீட்டி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்றார். அப்பாவுக்கு விளங்கியதா என்று டாக்டர் உன்னைக் கேட்டார். நீ ஓம் என்று தலையாட்டி "வுய்" என்றாய். நான் என் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டு இருந்தேன்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. வருத்தக்காரருக்கு அவருடைய நோயைச் சொல்லாமல் விடுவது எங்கள் சனத்தின் பழக்கம். தெருவுக்கே தெரிந்திருக்கும், படுத்திருக்கிறவருக்கு மட்டும் வாயுக் குத்து என்று சொல்லி வைத்திருப்போம். உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சோடித்தும் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னதோடு நீ நிற்கவில்லை. சொன்னதை உண்மையாக்க ஒரு படகு வாங்கப் புறப்பட்டுவிட்டாய். அடுத்த சனிக்கிழமையே அளவுநாடாவோடு வந்து அப்பாவின் சக்கர நாற்காலியை அளந்தாய். "பெரிய படகின்ரை முன்கேற் அகலம் அப்பா. கதிரையோடையே உள்ளை உருட்டலாம்" என்றாய். சின்னதில் அந்தக் கேற் வாசல் ஒடுக்கம், நாற்காலி போகாது. அப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "கூரை நல்ல துணியோ?" என்று மட்டும் கேட்டார். விற்கிற மனிதர் இரண்டு படகையும் ஈஸ்டர் முடியும்வரை உனக்காக வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஈஸ்டர் இதோ வந்துவிட்டது.

அன்றைக்கு மருமகள் மெலனி எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியதை எங்கள் கார் இழுக்காது, வேறு வாகனம் வேண்டும், லொங்குய்யில் இருக்கிற எங்கள் வீட்டு வளவுக்குள் அதை நிறுத்த இடமில்லை, சின்னது என்றால் நாங்கள் இரண்டு பேருமே ஏற்றி இறக்கலாம் என்று உன்னிடம் பிரெஞ்சில் சொன்னாள். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அப்போது அவள் குரலைத் தணித்து, "இந்தப் படகு யாருக்கு?" என்று கேட்டாள். எனக்கு விளங்காது என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. பருப்புச் சட்டியின் மூடியை நான் போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டதை நீ கண்டிருப்பாய். மாமனார் படுக்கையில் கிடக்க இவளுக்கு வளவும் வாகனமும் பெரிதாகப் போய்விட்டதே என்று இரண்டு நாள் மனதுக்குள் அவளை வைதேன். கோபம் ஆறிய பிறகுதான் யோசித்தேன். எங்கள் எல்லாரிலும் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவள் கெட்ட மனதோடு கேட்கவில்லை. நீ எங்கே போய் முட்டப்போகிறாய் என்று பயந்து கேட்டாள். உனக்கு ஒரு புத்திமதி சொல்லலாம் என்றால் இதுதான்: அவள் நேராகக் கேட்கிறபோது நீ சோற்றைப் பிசையாதே.

எனக்கு வந்த அந்தரத்தை உனக்கு எப்படிச் சொல்வது? பெரியதை எடு என்று நான் சொன்னால், நீ சொன்ன பொய்க்கு நானும் ஒரு தோள் கொடுத்ததாகும். ஆடியில் அந்தப் பெரிய படகு எங்கேயோ ஒரு துறையில் கட்டிக்கிடக்கும், நீ அதைப் பார்க்கவும் மாட்டாய், விற்கவும் மாட்டாய். சின்னதை எடு என்று சொன்னால், சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் ஒன்றை அப்பாவின் கண் முன்னால் நானே கிழித்ததாகும். நாற்காலி போகாத படகை ஏன் வாங்குகிறார்கள் என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வது? நீ இன்னும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும் என்று உனக்குச் சொல்லவும் பயமாக இருந்தது. கோவிலில் போய் முழந்தாளிட்டால், மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அற்புதம் கேட்கலாம், கேட்டுப் பார்த்தாயிற்று. பதினெட்டு அடியா இருபத்துநாலு அடியா என்று மாதாவிடம் எப்படிக் கேட்பது? பெரிய வியாழன் பூசையில் எல்லாரும் பாட, நான் வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். இவ்வளவு காலமும் உங்கள் இரண்டு பேரையும் அதட்டி உருட்டிக் குடும்பம் நடத்தியவள் நான். இப்போது ஒரு படகின் நீளத்தைச் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். நாலு கரண்டி உள்ளே போனது, போதும் என்று கையைக் காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"இஞ்சேரும், அவனைச் சின்னதை எடுக்கச் சொல்லும்" என்றார்.

நான் ஒன்றும் தெரியாதவள்போல, "ஏன், பெரிசிலைதானே உங்கடை கதிரை போகும்?" என்றேன்.

"காத்து எடுத்தால் அந்தப் பெரிசைக் கரைக்குக் கொண்டு வந்து கட்ட ரண்டு பேர் வேணும். ஒராள் ஸ்டியரிங்கிலை, ஒராள் கயித்திலை. நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் மெலனி பிள்ளையைப் பிடிப்பாளோ, கயித்தைப் பிடிப்பாளோ? சின்னதெண்டால் அவன் தனியக் கட்டிப்போடுவான்."

"கோடைக்கு நீங்கள் இருந்து பிடியுங்கோவன் கயித்தை" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "எத்தினை வருசம் அந்தப் பெடியளோடை பெட்டி தூக்கினனான். பிரெஞ்சிலை எனக்குத் தூசணமும் தெரியும், லீவு கேக்கவும் தெரியும். கோடைக்கு ஆருக்கு லீவு இல்லையெண்டு எங்களை மேய்க்கிற போமன் சொன்னால் விளங்காமலே இருந்தனான்? அந்த டாக்டர் பிள்ளையும் அதைத்தானே சொன்னது. பெடியன் பாவம், வேர்த்து விறுவிறுத்து ஒண்டு சொன்னான். நான் என்ன செய்ய? கையைக் குடுத்துப்போட்டு வந்தன்."

நான் கஞ்சிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் கதைத்தார். "என்ரை கதிரைக்கு இடம் விட்டு ஒரு படகை வாங்கினானெண்டால், ஏறுற நேரமெல்லாம் அவன் அந்த இடத்தைப் பாக்க வேணுமப்பா. அது வேண்டாம்." பிறகு, "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையும். பெரிய படகெண்டால் உமக்குப் பயம் எண்டு சொல்லும். நம்புவான். நீர் எப்பவும் பயந்தனீர்தானே" என்றார்.

எனக்குப் பயமாம்! படகைப் பார்த்து நான் எப்போது பயந்தேன்? அந்த நிலைமையிலும் எனக்கு ரோசம் வந்தது பார். சண்டை பிடிக்க வாயெடுத்தேன், அவர் கண்ணை மூடிவிட்டார். கோப்பையைக் கழுவப் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு நின்று அழுதேன். நீ எங்களுக்காக ஒரு பொய் சொன்னாய். நான் கேட்கவில்லை என்று நடித்தேன். அவர் விளங்கவில்லை என்று நடித்தார். இப்போது உன்னிடம் சொல்லச் சொல்லி எனக்கும் ஒரு புதுப் பொய் எடுத்துத் தந்திருக்கிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுகிறோம் என்று தனித்தனியாக மூலைக்கு மூலை இருந்து அழுகிறோம், தம்பி. என்னால் இனி முடியாது. அவர் சொல்லாதே என்று சொன்னதை உனக்கு எழுதிவிட்டேன். அவர் என்னைப் பேசுவார், பேசட்டும். இதை வாசித்ததும் மெலனிக்கும் சொல். பிரெஞ்சில் சொல்லும்போது ஒன்றையும் குறைக்காதே, பருப்புச் சட்டி மூடியையும் சேர்த்துச் சொல். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகவும் சொல், அதற்குரிய பிரெஞ்சு எனக்கு வாயில் வராது.

நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உன்னாலும் முடியாது. ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது, இந்த மாதத்துக்குள் எந்தப் படகும் தண்ணீரில் இறங்காது, அடுத்த மாதத்தைப் பற்றிக் கதைக்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான், அதுவும் சரியா பிழையா தெரியாது. அந்தப் படகுக் கடை வளவில் இரண்டு படகும் டிரெய்லரில் ஏற்றி நிற்கின்றன என்று சொன்னாய். விற்கிற மனிதரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேள். நல்ல மனிதராக இருந்தால் மாட்டேன் என்று சொல்லமாட்டார். சனிக்கிழமை பகலில், வெயில் இருக்கிற நேரமாக, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவோம். வீட்டிலிருந்து போகும்வரை நோவு தாங்கும்படி மருந்தை நான் நேரம் பார்த்துக் கொடுக்கிறேன். பலகை வைத்து, நாற்காலியோடு அந்த அகலமான கேற்றுக்குள்ளால் நீயே அவரை உருட்டி ஏற்று. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் விடு, அவர் கட்டாயம் பிடித்துப் பார்ப்பார். கூரைத் துணியை விரித்துக் காட்டு, அதைத்தான் முதலில் கேட்டவர். தண்ணீர் இல்லாமல் எஞ்சினைப் போட ஏலாது என்று எனக்கும் தெரியும், அது தேவையில்லை. மெலனி அந்தச் சோபாவில் இருக்கட்டும். நான் போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கட்லட்டும் பொரித்துக்கொண்டு வருகிறேன், அந்த ஏரிச் சனங்கள் மாதிரி நாங்களும் இருந்து சாப்பிடுவோம். அவர் பகிடி விட்டால் சிரி. உன்னிடம் ஏதாவது கேட்டால், இந்தமுறை உள்ளதைச் சொல். அழுகை வந்தால் அழு, அவர் உன் அப்பா, உன் மூக்குச் சளி துடைத்த மனிதர்.

அப்படி அவரை அந்தப் பெரிய படகில் ஓர் அரை மணித்தியாலம் வைத்திரு. பிறகு இறக்கிக் காருக்குள் ஏற்றிவிட்டு, நீ திரும்பிப் போய்ச் சின்னதை வாங்கு.

அம்மா